‘வெள்ளைக்காரனே எழுதியிருக்கான்!’

போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண வீடு. சாப்பிட்டுவிட்டு மண்டப வாசலில் காற்று வாங்கிக்கொண்டு நின்றபோது தம்பி மகன், பிளஸ் டூ படிக்கிறவன், செல்போனை நீட்டினான். தாமிரபரணிக் கரை முழுவதையும் எங்கள் சாதிதான் ஆண்டது என்று ஒரு வீடியோ. பின்னால் உறுமிச் சத்தம், நடுவில் ஏதோ பழைய இங்கிலீஷ் புத்தகத்தின் பக்கம், அதில் மஞ்சள் கோடு. “சும்மா இல்ல பெரியப்பா, வெள்ளைக்காரனே எழுதியிருக்கான்” என்றான்.

அந்த ‘னே’வில்தான் எனக்குச் சாப்பிட்டது செரிக்காமல் போயிற்று.

எங்கள் ஆச்சி ஆதிச்சநல்லூர்ப் பக்கம் பிறந்தவள். அந்தக் காலத்து ஆட்களுக்குச் சாவே வராதாம், வயசாகிச் சுருங்கிச் சுருங்கிப் பிள்ளை மாதிரி ஆனதும் தாழிக்குள் உட்காரவைத்து, சோறும் தண்ணியும் வைத்து மூடிவிடுவார்களாம். நாங்கள் சிரிப்போம். ஆனால் 1876-ல் யாகோர் என்ற ஜெர்மானியர் வந்து, அந்தத் தாழிகள் புதைந்த இடத்தைத் தோண்டி, கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அப்புறம் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அதற்குப் பிறகுதான் ஆடு மேய்ந்த அந்தப் பரம்பு எங்களுக்கே மரியாதைப்பட்ட இடமானது. ஆச்சி சொன்னால் கதை, துரை சொன்னால் சரித்திரம்.

சரி, துரைமார் எழுதியதெல்லாம் பொய்யா? அப்படி நான் சொல்லவில்லை. பாதிரியார் கால்டுவெல் இல்லாவிட்டால் பாண்டியர் காலத்துத் துறைமுகமான கொற்கையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி தெரிந்திருக்காது. ஆனால் அதே கால்டுவெல்தான் 1849-ல் நம் பனையேறிகளைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டு, அவர்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று எழுதினார். அந்தப் புத்தகத் தலைப்பில் இருந்த சாதிப்பெயரை இன்றைக்கு இங்கே எழுதவே கை வரவில்லை. கோபம் வராமல் இருக்குமா? வந்தது. நாங்கள் சத்திரியர், நாங்கள்தான் இந்த மண்ணை ஆண்டவர்கள் என்று பதிலுக்குப் புத்தகங்கள் வந்தன. 1901 கணக்கெடுப்பில் எந்தச் சாதிக்கு மேல் எந்தச் சாதி என்று சர்க்காரே வரிசை போடப் போக, இந்தியா முழுக்க மனு மேல் மனு. வரிசையே வேண்டாம் என்று சொன்னவர்கள் குறைவு. என்னை ரெண்டு படி மேலே ஏற்று என்று கேட்டவர்களே அதிகம். இன்றைக்கு வண்ணார்பேட்டைச் சுவரில் ஒட்டியிருக்கும் ‘ஆண்ட பரம்பரை’ போஸ்டர், என்னைக் கேட்டால், அந்த மனுவின் பேரன்.

சாதியையே வெள்ளைக்காரன்தான் உண்டாக்கினான் என்று சிலர் கிளம்புவார்கள், அதையும் நான் ஒப்ப மாட்டேன். கோயில் தெருவில் நடக்க விடாதவன் வெள்ளைக்காரன் இல்லை. எங்கள் தாத்தாவுக்கு எழுத்து தெரிந்ததே மிஷன் பள்ளிக்கூடத்தால்தான். வெள்ளைக்காரன் செய்தது வேறு. குழைந்து கிடந்ததைக் காகிதத்தில் ஏற்றிக் காய வைத்துவிட்டான். ஊர்க்காவல் பார்த்து, அதற்குக் கூலியாகச் ‘சுதந்திரம்’ வாங்கிய மறவர்களைப் பாருங்கள். 1801-க்குப் பிறகு அந்த உரிமை கும்பினியிடம், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது. நூறு வருஷம் கழித்து அதே மறவர்களைக் ‘குற்றப் பரம்பரை’ என்று எழுதிக் கைரேகை வாங்கினார்கள். முத்திரை குத்தியதும் அதே கை, வரிசை போட்டதும் அதே கை.

கட்டபொம்மன் விஷயமும் அப்படித்தான். வீரனா கொள்ளைக்காரனா என்று டீக்கடையில் இன்னும் அடித்துக்கொள்கிறோம். கிஸ்தி கட்டினானா இல்லையா என்பது கும்பினிக்காரன் கேள்வி. 1799-ல் கயத்தாற்றில் தூக்கில் போட்டவன் எழுதி வைத்த கணக்கைத்தான் திட்டுகிறவனும் புரட்டுகிறான், கொண்டாடுகிறவனும் புரட்டுகிறான். அந்த மனிதனை இத்தனை காலம் கும்மியிலும் கதைப்பாட்டிலும் வைத்துக் காப்பாற்றிய விவசாயச் சம்சாரிகளுக்கு அவன் யாராக இருந்தான் என்று யாரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் பயலிடம் சொன்னேன். பாதி கேட்டான், பாதி செல்போனைப் பார்த்தான். கையில் ரெண்டு கலரில் கயிறு கட்டியிருந்தான், அது என்ன கலர் என்று நான் சொல்லப் போவதில்லை.

நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் இன்னொரு வீடியோ அனுப்பினான். வேறொரு சாதிக்காரர்கள் போட்டது. அதே உறுமி, அதே தாமிரபரணி, அதே புத்தகம்; மஞ்சள் கோடு மட்டும் வேறு பக்கத்தில். கீழே ஒரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். நான் இன்னும் பதில் போடவில்லை.