தூக்கிப் போடும் முன்

மேசையை ஒழுங்காக வைத்துக்கொள்வது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். ஆறு மாதமாகத் தொடாத காகிதத்தை மேசையிலிருந்து தூக்கிப் போட்டுவிடுங்கள் என்கிறது அது. வீட்டுக்குச் சரி. தாலுகா அலுவலகத்தில் பல வருடம் எழுத்தராக இருந்தவன் நான். அங்கே அப்படிச் செய்ய முடியாது. முடிந்த கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயுள் உண்டு. கோப்பின் வகைக் குறி எல்.டிஸ். என்றால் அதை 1 ஆண்டு வைத்திருக்க வேண்டும், கே.டிஸ். 3 ஆண்டு, டி.டிஸ். 10 ஆண்டு, ஆர்.டிஸ். நிரந்தரம். அதைக் குறித்துப் பதிவறைக்கு அனுப்பினாலே பாதி மேசை காலியாகிவிடும்.

நாங்கள் செய்யாமல் விட்டது அதைத்தான். முடிந்ததும் முடியாததும் ஒரே கட்டில் கிடக்கும். பட்டா மாறுதல் கேட்டு வந்த ஒரு பாட்டியின் மனு அப்படியொரு பழைய கட்டுக்குள் சிக்கிக்கொண்டது. பாவம், நான்கு தடவை பஸ் ஏறி வந்து வெறுங்கையோடு திரும்பினார். ஐந்தாவது தடவைதான் மனு கிடைத்தது. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அன்றிலிருந்து கிளம்பும் முன் 10 நிமிடம் ஒதுக்கினேன். வந்த தபால்களை, எழுத்தர் ஒவ்வொருவரும் தனக்கென வைத்திருக்கும் தன்பதிவேட்டில் ஏற்றுவேன், நடப்புக் கோப்புகளைத் தனியாக அடுக்குவேன். பேனா ஸ்டாண்டு, பூச்செடி எல்லாம் அப்புறம்தான். கோப்புகளை வகை பிரிப்பது பற்றியும் கட்டுரையாளர் விரிவாக எழுத வேண்டும். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு அதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை.