ஜூலை 1-ஆம் தேதிக் கடிதத்தில் ஜூலை 8-ஆம் தேதி எப்படி வந்தது?

உறையைக் கையில் வாங்கியதும் நான் முதலில் பார்த்தது தபால் முத்திரையைத்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுப் பழகியவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பீர்கள். வட்ட முத்திரைக்குள் ஜூலை 17 என்று பளிச்சென்று விழுந்திருந்தது. உறை கிழிந்துவிடாமல் ஓரத்தைக் கத்தரித்து, உள்ளே இருந்த ஒற்றைத் தாளை எடுத்தேன். அந்தத் தாளில் நாள் ஜூலை 1.

என் மனு அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஜூன் 2. ஒப்புகை அட்டை பத்திரமாக இருக்கிறது. அதில் அவர்களுடைய ஊதா நிற ரப்பர் ஸ்டாம்பும் சுருக்கொப்பமும் இருக்கின்றன. பதில் தர அந்தச் சட்டம் கொடுக்கும் முப்பது நாள் கெடு ஜூலை 2-ஆம் தேதியோடு முடிகிறது. கெடு முடிய ஒரு நாள் மிச்சம் இருக்கும்போதே பதில் எழுதி முடித்துவிட்டார்கள் என்று இந்தக் காகிதம் சொல்கிறது. எழுதி முடித்த கடிதம் பதினாறு நாள் மேசைமேல் கிடந்துவிட்டு, அதற்குப் பிறகு தபாலுக்குப் போயிருக்கிறது என்று நான் நம்ப வேண்டும்.

நம்பவில்லை. தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடிதம் முழுக்கக் கணினியில் அச்சானது. "நாள்:" என்ற சொல்லுக்கு எதிரே மாதமும் வருடமும் அச்சாகியிருக்கின்றன. தேதிக்கு மட்டும் இடம் விட்டு, அந்த இடத்தில் நீலப் பேனாவால் "01" என்று எழுதியிருக்கிறார்கள். கீழே, மனுக்களுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலரின் கையொப்பம் பச்சை மையில் இருக்கிறது. பேனாவும் வேறு, கையும் வேறு. ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இன்னொருவர் பிறகு நாள் போட்டிருக்கிறார்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம், பல அலுவலகங்களில் இப்படித்தான் நடக்கிறது. ஆனால் "பொருள்" என்பதற்குக் கீழே "பார்வை" என்று இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி, என் மனு. இரண்டாவது வரி, இவ்வலுவலகப் பிரிவுக் கண்காணிப்பாளரின் அறிக்கை, நாள் ஜூலை 8. ஜூலை 1-ஆம் தேதி எழுதிய கடிதம், ஒரு வாரம் கழித்து எழுதப்போகும் அறிக்கையைப் படித்துப் பார்த்து எனக்குப் பதில் சொல்கிறது! பொய்த் தேதி போடுகிறவர்கள் அந்த ஒற்றைத் தாளை ஒருமுறை மேலிருந்து கீழே படித்துக்கூடப் பார்க்கவில்லை. படித்துப் பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. யார் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம்தான்.

நான் அப்படி என்ன கேட்டுவிட்டேன்? போன வருடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்களுக்கு எத்தனை மனுக்கள் வந்தன, ஒவ்வொன்றும் என்று வந்தது, என்று பதில் போனது, முப்பது நாளுக்குள் பதில் போனவை எத்தனை, எந்தக் கடிதம் எந்த நாளில் வெளியே போனது என்று எழுதி வைக்கும் அனுப்புகைப் பதிவேட்டில் அந்த மனுக்கள் தொடர்பான பக்கங்களின் நகல் வேண்டும். இவ்வளவுதான். எந்த நாட்டு இரகசியமும் இல்லை, யாருடைய சொந்த வாழ்க்கையும் இல்லை. காலக்கெடுவை மதிக்கிறீர்களா என்று கேட்ட மனுவுக்கே காலக்கெடுவைத் தவறவிட்டு, தவறவிட்டதை மறைக்க நாளையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். என் கேள்விக்கான பதில் அந்த உறையின்மேலேயே வந்துவிட்டது.

உள்ளே எழுதியிருந்தது இது: தாங்கள் கோரிய நகல்கள் 64 பக்கங்கள், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 128 ரூபாய் செலுத்திப் பெற்றுக்கொள்ளலாம்.

128 ரூபாய் எனக்குப் பெரிதில்லை. ஆனால் சட்டத்தின் 7(6) பிரிவு என்ன சொல்கிறது? கெடுவுக்குள் தகவல் தரத் தவறினால், பிறகு அதை இலவசமாகத் தர வேண்டும். ஜூலை 17 என்று உண்மையான நாளைப் போட்டிருந்தால் என்னிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. அது மட்டுமா? பிரிவு 20-இன்படி நியாயமான காரணம் இல்லாத ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய், அந்த அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து தண்டம். ஜூலை 2-க்கும் 17-க்கும் நடுவே பதினைந்து நாள், ஆக 3,750 ரூபாய். நீலப் பேனாவால் போட்ட அந்த "01" இந்த இரண்டையும் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டது. இதைக் கவனக்குறைவு என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். கவனக்குறைவு இவ்வளவு சரியாகக் கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் போய் விழாது.

கட்டணம் கேட்டு எழுதும் கடிதத்தில் அந்தக் கட்டணத்தை எதிர்த்து யாரிடம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று சொல்ல வேண்டும். அதுவும் சட்டத்திலேயே இருக்கிறது. இந்தக் கடிதத்தில் அந்த வரியே இல்லை.

திங்கட்கிழமை நேரிலேயே போனேன். பதினொரு மணிக்கு அலுவலர் இல்லை, முகாம் என்றார்கள். அனுப்புகைப் பிரிவில் ஓர் இளைஞர் இருந்தார். உறையையும் கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "தம்பி, இதில் எந்த நாள் சரி?" என்று கேட்டேன். இரண்டையும் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "தபால் வில்லை தீர்ந்துவிட்டது அம்மா, அதனால்தான் தாமதம்" என்றார்.

"வில்லை தீர்ந்தது சரி. எட்டாம் தேதி அறிக்கையை ஒன்றாம் தேதியே எப்படிப் படித்தார்கள்?"

அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்க் கண்காணிப்பாளரை அழைத்து வந்தார். வயதில் மூத்தவர், மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போடச் சொன்னார். கடிதத்தைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். படித்துவிட்டு, "அம்மா, தபால் முத்திரையெல்லாம் எங்களுக்குக் கணக்கில்லை. கடிதத்தில் உள்ள நாள்தான் கணக்கு" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை, ஏளனமாகவும் சொல்லவில்லை. இத்தனை வருடமாக இதுதான் நடைமுறை, இது தெரியாமல் வந்திருக்கிறாயே என்பதுபோலச் சொன்னார். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை எனக்கு.

கடிதத்தில் உள்ள நாள்தான் கணக்கு. இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் பாருங்கள், எங்கே போய் முடிகிறது என்று. சட்டத்தின் 25-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தகவல் ஆணையம் ஒவ்வோர் ஆண்டும் அறிக்கை தயாரிக்க வேண்டும். எந்தெந்த அலுவலகத்துக்கு எத்தனை மனு வந்தது, எத்தனை மறுக்கப்பட்டது, எந்தப் பிரிவைச் சொல்லி மறுத்தார்கள், எத்தனை மேல்முறையீடு, யார்மீது ஒழுங்கு நடவடிக்கை, எவ்வளவு கட்டணம் வசூலானது என்று எல்லாம் அதில் வர வேண்டும். அது சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். ஒரு துறையின் நடைமுறை சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று பரிந்துரைக்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு அதே பிரிவில் இருக்கிறது. இந்த விவரங்களையெல்லாம் திரட்டிக் கொடுக்கிறவர்கள் யார்? அதே துறைகள். துறைகளுக்குக் கொடுப்பவர்கள் அதே அலுவலகங்கள். அலுவலகத்தில் அதை எழுதுபவர், தபால் முத்திரை எங்களுக்குக் கணக்கில்லை என்று என்னிடம் சொன்ன அதே மேசைக்காரர். அவர் கணக்கில் என் மனு "உரிய காலத்தில் பதில் அளிக்கப்பட்டது" என்ற கட்டத்தில்தான் விழும். என்னைப்போல எத்தனை பேருடைய மனுக்கள் அந்தக் கட்டத்தில் விழுந்திருக்கின்றன? பரீட்சை எழுதிய பையனிடமே விடைத்தாளைக் கொடுத்து மதிப்பெண் போட்டுக்கொள்ளச் சொன்னால் எந்தப் பையன் தோற்பான்?

ஆகவே மேலே இருப்பவர்கள் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துத் துறை ஒழுங்காகத்தான் நடக்கிறது என்று நினைப்பார்கள். உறைகளைச் சேர்த்து வைத்திருக்கும் நம்மிடம்தான் நிஜமான கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைக் கேட்க ஒருவரும் இல்லை.

இந்த அலுவலகத்தின் இணையதளத்தையும் போய்ப் பாருங்கள். பிரிவு 4(1)(ஆ) என்ன சொல்கிறது? யாரும் மனுப் போடாமலேயே 17 இனங்களில் தகவல்களைத் தாங்களே வெளியிட வேண்டும்: அலுவலகத்தின் கடமைகள், அதிகாரிகளின் பொறுப்புகள், ஊதியம், வரவு செலவு, மானியம் யாருக்குப் போகிறது, தகவல் அலுவலர் யார். சட்டம் இயற்றிய 120 நாளுக்குள் செய்ய வேண்டும், பிறகு வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். சட்டம் வந்தது 2005. இந்த அலுவலகத்தின் பக்கத்தில் இருக்கும் கையேடு 2011-ஆம் ஆண்டுக்கு உரியது. அதில் தகவல் அலுவலராகப் போட்டிருப்பவர் ஓய்வுபெற்றே சில வருடங்கள் ஆகிவிட்டன. அவர் பெயருக்கு மனு அனுப்பினால் திரும்பி வரும், திரும்பி வரும் நாளெல்லாம் நம் நாள்தான் வீணாகும். உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில், தகவல் ஆணையங்கள் இந்த நான்காம் பிரிவு நடைமுறையைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றும் வெளியார் தணிக்கையும் அதில் சேர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. வெளியார் தணிக்கை! அந்தத் தணிக்கையாளர் இங்கே வந்து, அனுப்புகைப் பதிவேட்டையும் தபால் நிலைய ரசீதுகளையும் ஒரே ஒரு பிற்பகல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். எத்தனை ஜூலை 1 எத்தனை ஜூலை 17-ஆக மாறும் என்று தெரிந்துவிடும்.

எனக்கு ஆறவே மாட்டாத கோபம் ஒன்று இருக்கிறது. நாட்டிலேயே முதலில், 1997-லேயே தகவல் உரிமைக்கு ஒரு சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. அதற்கு முந்தைய வருடம் ராஜஸ்தானில் பியாவர் என்ற ஊரில் கூலிக்காரர்களும் கிராமத்துப் பெண்களும் வருகைப் பதிவேட்டையும் செலவுக் கணக்கையும் காட்டு என்று நாற்பது நாள் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். தாங்கள் வேலை செய்த நாளைத் தாங்களே எண்ணி வைத்திருந்தவர்கள் அவர்கள். பதிவேட்டில் இருப்பதும் தங்கள் உழைப்பும் பொருந்தவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களைப் போன்றவர்கள் உட்கார்ந்து வாங்கிக் கொடுத்த சட்டத்தில்தான் இன்று ஒரு நீலப் பேனா விளையாடுகிறது.

ஆள் பற்றாக்குறை என்று சொல்வார்கள். இருக்கிறது, நானும் பார்த்தேன், நாலு மேசையில் இரண்டு காலி. ஆள் இல்லை என்றால் தாமதமாகிவிட்டது என்று எழுதுங்கள். இரண்டு வரி வருத்தம் தெரிவித்து நகலை இலவசமாக அனுப்பியிருந்தால் நான் இந்நேரம் அதைப் படித்துக்கொண்டிருப்பேன். ஆள் இல்லாத அலுவலகத்தில் தேதியை மாற்றி எழுத மட்டும் ஆள் எங்கிருந்து வந்தார்?

முதல் மேல்முறையீடு எழுதிவிட்டேன். முப்பது நாளுக்குள் செய்ய வேண்டும். மேல்முறையீட்டு அலுவலரும் முப்பது நாளில், மிஞ்சினால் நாற்பத்தைந்து நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு. ஆணையம் எத்தனை நாளில் அதை முடிக்க வேண்டும் என்று மட்டும் சட்டத்தில் கெடு இல்லை. குடிமகனுக்குக் கெடு, அலுவலருக்குக் கெடு, கடைசிக் கதவுக்குக் கெடுவே கிடையாது. இருந்தாலும் போகத்தான் போகிறேன். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு சட்டப்படி அந்த அலுவலருடையது, என்னுடையது இல்லை. ஜூலை 8-ஐ ஜூலை 1-க்கு முன்னால் கொண்டுவந்து அவர் நிரூபிக்கட்டும்.

உறையின் முன்பக்கம், பின்பக்கம், கடிதம், ஒப்புகை அட்டை, எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். முதல் நகலில் முத்திரை மங்கலாக விழுந்தது. நகல் கடைப் பையனைக் கெஞ்சி, கறுப்பைக் கூட்டி மறுபடி எடுக்க வைத்தேன். 17 என்பது தெளிவாகத் தெரிகிறது.

அதை எடுத்துக்கொண்டு தபால் நிலையம் போனால், ஒட்டுவதற்குக் கோந்து இல்லை. அந்தக் கோந்துக் கிண்ணம் எத்தனை வருடமாக அப்படியே காய்ந்து, நடுவில் குச்சி நட்டு வைத்த கல்லாகக் கிடக்கிறது! நூலில் கட்டிய பேனாவில் மை இல்லை. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் மணியார்டர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது பேனா தருவார்களா என்று ஒவ்வொருவர் சட்டைப்பையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பேனா, ஒரு கிண்ணம் கோந்து, இதைக்கூடவா வைக்க முடியாது?