ரீகன் கொடுத்த 48 மணி நேரம்

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரொனால்ட் ரீகன் என்றதும் பனிப்போரை முடித்தவர் என்று ஒரு கூட்டம் கொண்டாடும்; பணக்காரர்களுக்கு வரியைக் குறைத்தவர் என்று இன்னொரு கூட்டம் திட்டும். என்னைக் கேட்டால், அவருடைய எட்டாண்டு ஆட்சியில் இன்றும் அழியாமல் கிடக்கும் தடம் 1981 ஆகஸ்டின் முதல் வாரத்தில் விழுந்தது.

ஆகஸ்ட் 3 அன்று சுமார் 13,000 விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூடுதல் சம்பளமும் வாரத்துக்கு 32 மணி நேர வேலையும் கேட்டார்கள். மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது அங்கே சட்டவிரோதம். அன்றே வெள்ளை மாளிகை ரோஜாத் தோட்டத்தில் நின்று வேலைக்குத் திரும்ப 48 மணி நேரக் கெடு வைத்தார் ரீகன். வெறும் மிரட்டல் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 5ஆம் தேதி 11,000க்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் மீண்டும் அந்த வேலைக்கு வர விதித்த தடையை 1993இல் ஜனாதிபதி கிளின்டன்தான் நீக்கினார்.

இத்தனைக்கும் 1980 தேர்தலில் இதே கட்டுப்பாட்டாளர்களின் சங்கம் ஆதரித்தது ரீகனைத்தான்! அவரும் சங்கம் அறியாதவர் அல்ல. ஹாலிவுட் நடிகர் சங்கத் தலைவராக இருந்து 1960இல் வேலைநிறுத்தத்தை நடத்தியவர்.

சட்டம் அவர் பக்கம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பாடம் படித்துக்கொண்டவர்கள் தனியார் முதலாளிகள். வேலைநிறுத்தம் செய்பவருக்குப் பதில் நிரந்தரமாகவே வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1938லேயே சொல்லியிருந்தது. அதைப் பயன்படுத்தப் பெரிய நிறுவனங்கள் தயங்கின. ஜனாதிபதியே செய்துகாட்டிய பிறகு என்ன தயக்கம்? 1983இல் அரிசோனா தாமிரச் சுரங்கங்களில் ஃபெல்ப்ஸ் டாட்ஜ் நிறுவனம் அதையே செய்தது. ஆயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற வேலைநிறுத்தங்கள் 1980இல் 187. 1988இல் வெறும் 40. எல்லாம் ரீகனால்தான் என்று சொல்ல மாட்டேன், ஆலைகள் மூடப்பட்டதும் ஒரு காரணம். ஆனால் பயத்தை விதைத்தவர் அவர்.

மற்றவை அவ்வளவு நிலைக்கவில்லை. 70 சதவீதமாக இருந்த உச்ச வருமான வரியை 28க்கு இறக்கினார். 1993இல் அது 39.6க்கு ஏறியது. 1986இல் ஆவணமற்ற குடியேறிகள் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்டபூர்வ உரிமை கிடைக்கக் கையெழுத்திட்டார். அவர் படத்தை மாட்டி வைத்திருக்கும் குடியரசுக் கட்சிக்காரர்கள் இன்று அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. மாற்று ஆள் வைக்கும் வழக்கமோ அப்படியே இருக்கிறது. அப்படிச் செய்யும் நிறுவனங்களுக்கு அரசு ஒப்பந்தம் இல்லை என்று 1995இல் கிளின்டன் ஆணை போட்டுப் பார்த்தார். மறு ஆண்டே நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது.