என் கோப்பித் தகரத்துக்குள் மல்லி போட்டது யார்?

நேற்றுக் காலை கோப்பித் தகரத்தைத் திறந்தேன். ரசம் மணத்தது.

அது என் தகரம். ஒருவரும் கை வைக்கக்கூடாது என்று அலுமாரியின் மேல்தட்டில் பழைய பஞ்சாங்கங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தது. கண்டியில் வேலை செய்யும் சிநேகிதன் வறுத்த கொட்டையாக வாங்கி பஸ்ஸில் அனுப்பிய கால் கிலோவில், ஒரு கிழமைக்கு வேண்டியதைக் கையால் சுற்றும் மெஷினில் தோள் நோக அரைத்து வைத்திருந்தேன். இப்போது அதற்குள் மல்லி, வேர்க்கொம்பு, மிளகு, நற்சீரகம் எல்லாம் கிடக்கின்றன. மாமியின் வேலைதான்.

"வெறும் கோப்பி சூடு தம்பி, வயித்தைப் புரட்டும். அதுதான் கொஞ்சம் சேர்த்து விட்டனான்."

கொஞ்சமாம்! தகரத்தில் முக்கால்வாசி இருந்த தூள் இப்போது மூடி முட்ட நிற்கிறது.

மல்லிக் கோப்பி மேல் எனக்குக் கோபமில்லை. தடிமன் பிடித்தால் நானே கேட்டு வாங்கி, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் போய், சும்மா வாய்க்கு ருசியாக ஒரு கோப்பி கேட்டுப் பாருங்கள். "என்ன, சுகமில்லையோ?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். சுகமாக இருக்கிறவனுக்குத் தேத்தண்ணிதான். அதை விட்டால் செத்தவீடு. இரவிரவாக முழித்திருக்கிற சனத்துக்குக் கிடாரத்தில் காய்ச்சி ஊற்றுவார்கள். ஆக, நான் வெளியில் ஒரு கோப்பி குடிக்க வேண்டுமென்றால் ஒன்றில் எனக்குக் காய்ச்சல் வரவேண்டும், இல்லையென்றால் அயலில் ஒருவர் போய்ச் சேரவேண்டும்.

இந்தத் தீவில் 19ஆம் நூற்றாண்டில் கோப்பிதான் ராசா. மலைநாட்டுக் காடுகளை வெட்டிக் கோப்பி நட்டார்கள். அந்தத் தோட்டங்களில் முறிந்ததும் தமிழ்ச் சனத்தின் முதுகுதான். 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டியது. அடுத்த இருபது வருசத்துக்குள் தோட்டங்கள் சரிந்து, அந்த இடத்தையெல்லாம் தேயிலை பிடித்துக்கொண்டது. சரி, பூஞ்சணத்தோடு யார் சண்டை பிடிப்பது? அது இலையைத்தான் தின்றது. தூளை நாசமாக்கியது எங்கள் குசினிகள்.

வீட்டிலே அரைத்தால் தோள் நோகுது, மில்லில் கொடுத்தால் என்ன என்று போன மாதம் ஒரு புத்தி வந்தது. எனக்கு முன்னால் நின்றவர் கறித்தூள் திரித்துக்கொண்டிருந்தார். "அண்ணை, ஒருக்காத் துடைச்சுப்போட்டுப் போடுங்கோ" என்று கெஞ்சினேன். அவர் கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு என் கொட்டையைக் கொட்டினார். அன்றைய கோப்பி தொண்டையில் எரிந்த எரிவு இருக்கிறதே, அதற்கு ஒரு துண்டு மீன்தான் குறை.

தூள் தப்பினாலும் காய்ச்சுகிறபோது தப்பாது. எங்கள் வீட்டு முறை இது: கேத்திலில் தண்ணியோடு தூளையும் போட்டு, அது கறுத்துப் பொங்கி அடுப்பெல்லாம் வழியும்வரை கொதிக்க விடுவது. அப்படிக் கொதித்தால் வாசம் ஆவியோடு போய்விடும், கசப்பு முழுக்க இறங்கிவிடும். கொதித்த தண்ணியை இறக்கி அரை நிமிசம் ஆறவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு கரண்டித் தூளில் அதை ஊற்றி, மூடி, நாலு நிமிசம் பொறுக்க வேண்டும். மேலே கொஞ்சம் பச்சைத்தண்ணி தெளித்தால் மண்டி அடியில் போய்விடும். பிறகு துணியில் வடித்தால் முடிந்தது. கனடாவிலிருந்து வந்த மச்சான், அழுத்தி வடிக்கிற கண்ணாடிக் குடுவை ஒன்று தந்துவிட்டுப் போனான். அதில் இப்போது புளி கரைக்கிறார்கள்.

தண்ணிக்கு மட்டும் நான் ஒருவரையும் குறை சொல்லமாட்டேன். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்றுத்தண்ணி அதற்குள்ளால்தான் வருகிறது, கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்குப் பொருக்காய்ப் படிகிறது. அந்தத் தண்ணியில் கோப்பியின் மெல்லிய புளிப்பு செத்துச் சப்பென்று போய்விடும். இதற்காகவே போன மாரியில் முற்றத்தில் சருவச்சட்டி வைத்து மழைத்தண்ணி பிடித்தேன். என்ன தெளிவான கோப்பி தெரியுமா அது! மூன்று நாள்தான். நாலாம் நாள் மனிசி அந்தத் தண்ணியில் தலை முழுகிவிட்டாள். மழைத்தண்ணிக்கு மயிர் பட்டுப்போல வருமாம்.

எல்லாவற்றையும்விட என்னைக் கொல்லுவது சுடுதண்ணிப் போத்தல். காலை ஆறு மணிக்கு ஊற்றிய கோப்பி, சீனியும் பால்மாவும் கலந்தபடி பின்னேரம் நாலு மணிவரை அதற்குள் கிடந்து அவியும். திறந்தால் ஈரச்சாக்கு மணம். ஊற்றினால் பால்மா கட்டி கட்டியாய் விழும். வாறவர் போறவர் எல்லாருக்கும் அதுதான், எனக்கும் அதுதான்.

நேற்றுப் பின்னேரம் மிச்சக் கொட்டையை எடுத்து, புதிதாக அரைத்து, கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். குசினி வாசலில் மாமி.

"இப்ப என்னத்துக்குத் தம்பி திரும்பவும் கொதிக்க வைக்கிறியள்? போத்தலுக்குள்ள அரைவாசி கிடக்கு, முதல்ல அதை முடியுங்கோ."