எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை

மூன்று நாளாகியும் மனசு ஆறவில்லை. எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். தமிழ் வழியில் ஒன்றாகப் படித்தவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். பாதிப் பேர் பொள்ளாச்சி, கோவை என்று போய்விட்டார்கள், மீதிப் பேர் சித்தூர், பாலக்காடு என்று இங்கேயே. கார்த்திகை பிறந்து சாமிமார் வண்டிகள் ஓட ஆரம்பித்ததும் சபரிமலைப் பேச்சு வந்தது. "எல்லாரும் மனசு விட்டுச் சொல்லுங்க" என்றார் அட்மின். அதை நம்பி நானும் பத்து வரி எழுதினேன்.

என்ன எழுதினேன்? ஐயப்பன் அங்கே நைஷ்டிக பிரம்மச்சாரி, அதாவது ஆயுள் முழுக்கப் பிரம்மச்சரியம் காப்பவர். 10 வயதுக்கும் 50 வயதுக்கும் இடைப்பட்ட பெண்கள் போகாமல் இருப்பது அந்தச் சன்னிதானத்தின் முறை. மற்ற ஐயப்பன் கோயில்களுக்கு நான் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். எல்லா வயதுப் பெண்களும் அங்கே போகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 2018 செப்டம்பர் தீர்ப்பில் 5 நீதிபதிகளில் மாறுபட்டு எழுதியவர் ஒருவர்தான், இந்து மல்ஹோத்ரா. அந்த அமர்வில் இருந்த ஒரே பெண்ணும் அவர்தான். ஆழ்ந்த மத நம்பிக்கையில் நீதிமன்றம் சாதாரணமாகத் தலையிடக் கூடாது என்றார் அவர். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. இவ்வளவுதான்.

உடனே சிரிப்புப் பொம்மைகள், வரிசையாக ஏழு. அப்புறம் ஒருத்தி, என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள், "வந்துட்டா குலஸ்த்ரீ" என்று போட்டாள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: குலப்பெண் என்பதுதான் அதன் பொருள். 2018-இல் அந்தத் தீர்ப்பை எதிர்த்து நாமம் சொல்லிக்கொண்டு தெருவில் நடந்த பெண்களைக் கேலி செய்து செய்து, கேரளத்தில் அதை வசவாகவே ஆக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு "சங்கி". நான் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டேன் என்று இவர்களில் யாருக்காவது தெரியுமா?

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். எங்களுக்கு நாலு வருஷம் இளையவன் ஒருவன் கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. "அக்கா, இது நீங்களே எழுதினதா, மாமா எழுதிக் கொடுத்ததா?"

என் வீட்டுக்காரர் கோர்ட் சொன்னால் சொன்னதுதான் என்கிறவர். இந்த விஷயத்தில் எங்களுக்குள் சண்டை வந்து ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறோம். தீர்ப்பு வந்தபோது தேடிப் பிடித்துப் படித்தவள் நான். 2019 நவம்பரில் மறு ஆய்வு மனுக்கள் வந்தபோது உச்ச நீதிமன்றமே சில கேள்விகளைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அந்த நீதிமன்றத்துக்கே ஐயம் இருக்கலாம், எனக்கு இருக்கக் கூடாதா? இருந்தால் அது புருஷன் ஊட்டிய சோறா?

2019 ஜனவரி 1 அன்று காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை, ஆண் பெண் சமத்துவம் வேண்டும் என்று பெண்கள் மதிலாக நின்றார்கள். அங்கே நின்ற பெண்ணை யார் அனுப்பியது என்று நான் கேட்கவில்லை. தானாக யோசித்து வந்து நின்றாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அதே மரியாதையை நாமம் சொல்லி நடந்த பெண்ணுக்கும் கொடுங்கள் என்றால் ஏன் கசக்கிறது? பெண்ணுக்குச் சுயபுத்தி உண்டு என்று வாய் கிழியப் பேசுகிறவர்கள்தான், நான் அவர்களோடு ஒத்துப்போகவில்லை என்றதும் என் புத்தியை என் புருஷன் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மலைக்குப் போன பெண்களைத் தாக்கினார்கள், வீட்டில் அடித்தார்கள் என்று செய்தி வந்தபோது இதே குழுவில் அது அயோக்கியத்தனம் என்று எழுதியவளும் நான்தான். அன்றைக்குக் கைதட்டினார்கள். அன்றைக்கு மட்டும் அது என் சொந்தப் புத்தியாக இருந்தது.

என் அம்மா 52 வயதில்தான் முதல் தடவை மாலை போட்டார். 41 நாள் விரதம் இருந்து, இருமுடி தாங்கி, முட்டிவலியோடு நீலிமலை ஏறி இறங்கினார். திரும்பி வந்த அன்று அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் பார்த்தேன். அத்தனை வருஷம் காத்திருந்ததை அடிமைத்தனம் என்று ஒருவர் சொல்லட்டும், சொல்ல உரிமை உண்டு. ஆனால் காரணத்தோடு சொல்லட்டும். என் பத்து வரியில் ஒரு வரிக்காவது பதில் வந்ததா என்று மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட இல்லை.

தனியாக மூன்று பேர் செய்தி அனுப்பினார்கள். நீ சொன்னது நியாயம்தான், குழுவில் சொல்ல முடியாது என்று. கேலி செய்தவர்களைவிட இவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். நாலு பேர் நடுவில் ஒருத்தியை நிறுத்தி வைத்து நோகடிக்கும்போது வாயைத் திறக்காத நியாயம் எனக்கு எதற்கு?

ராத்திரி, குழுவின் ஒற்றுமை கருதி பேச்சை நிறுத்துவோம் என்று அட்மின் போட்டார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, அந்தப் பத்து வரியை மட்டும் நீக்கிவிடச் சொன்னார். சிரிப்புப் பொம்மைகளும் குலஸ்த்ரீயும் அப்படியே இருக்கின்றன. நான் நீக்கவில்லை. நீக்கவும் மாட்டேன்.