இன்சிஸ்ட் என்ற சொல் ஆளைப் பிடித்து இழுக்காது

அலுவலகத்தில் என் வேலையில் பாதி, கூட்டக் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதி வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்புவது. சில வருடங்களுக்கு முன் ஒரு குழாய்க் கசிவு பற்றிய குறிப்பில் 'த சூப்பர்வைசர் இன்சிஸ்ட்ஸ் தட் த வால்வ் வாஸ் செக்டு' என்று எழுதினேன். வால்வைச் சோதித்துவிட்டதாக எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் உறுதியாகச் சொல்கிறார், அவ்வளவுதான் நான் சொல்ல நினைத்தது. மறுநாள் மான்செஸ்டரிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: சோதித்ததில் யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?

யாருக்கும் சந்தேகம் இல்லை. அண்ணன் பதிவேட்டில் நேரம் போட்டுக் கையெழுத்தும் வைத்திருந்தார். அந்த மெயிலைப் படித்துவிட்டு அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஏம்மா, நான் பொய் சொல்றேன்னா எழுதி அனுப்பினே?"

நான் அப்படி எழுதவில்லை. ஆனால் அந்த ஆங்கில வரி அப்படித்தான் சொன்னது. எதிரில் மறுக்கிற ஒருவர் இருந்தால்தான் இன்சிஸ்ட் என்ற வினைக்கே அங்கே வேலை. யாருமே மறுக்காத இடத்தில் அதைப் போட்டால், படிப்பவர் மறுப்பவரைத் தேடத் தொடங்கிவிடுவார். ஆங்கிலப் பத்திரிகைகளைப் பாருங்கள். அமைச்சர் 'சேஸ்' (says) என்று போட்டிருந்தால், அவர் சும்மா சொன்னார். 'இன்சிஸ்ட்ஸ்' என்றால், அவர் அப்படிச் சொல்கிறார், நம்புவது உங்கள் பாடு என்று செய்தியாளர் ஓர் அடி தள்ளி நிற்கிறார் என்று அர்த்தம்.

இதற்குத் தமிழில் அச்சு அசலான சொல் இருக்கிறது: சாதிப்பது. 'நான் எடுக்கவே இல்லைன்னு சாதிக்கிறான்' என்று ஒருவர் சொன்னால், சொல்பவருக்கு அதில் நம்பிக்கை இல்லை என்பது கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அண்ணனைப் பற்றித் தமிழில் எழுதியிருந்தால் 'சாதிக்கிறார்' என்று நான் கனவிலும் எழுதியிருக்க மாட்டேன். பள்ளியில் எனக்குச் சொல்லித்தந்தது 'இன்சிஸ்ட் என்றால் வற்புறுத்து' என்ற ஒரே பொருள். அதை வைத்துக்கொண்டு இருபது வருடம் ஓட்டியிருக்கிறேன். இன்றும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

வற்புறுத்துவதில் ஓர் ஆளைத் தள்ளுகிறோம். 'என்னை வரச் சொல்லி வற்புறுத்தினார்' என்கிறோம். அந்த 'என்னை'யை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் 'ஹி இன்சிஸ்டட் மீ டு கம்' என்று எழுதிவிடுகிறோம். நம் ஊர் அலுவலக மெயில்களில் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம் இது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் இப்படிச் சொல்வதில்லை. அவர்களுடைய இன்சிஸ்டுக்கு ஆளைச் செயப்படுபொருளாகப் பிடித்து இழுக்கத் தெரியாது. லத்தீனில் இதன் மூலமான 'இன்சிஸ்டெரே'வுக்குப் பொருளே ஒன்றின்மேல் நிற்பது. இன்சிஸ்ட் பண்ணுகிறவர் தன் பேச்சின்மேல் நிற்கிறார், எதிராளி மேல் கை வைப்பதில்லை. 'ஹி இன்சிஸ்டட் தட் ஐ கம்' அல்லது 'ஹி இன்சிஸ்டட் ஆன் மை கமிங்'. ஆளைத்தான் தள்ளியாக வேண்டும் என்றால் அதற்கு அர்ஜ், பிரஸ், ஃபோர்ஸ் எல்லாம் இருக்கின்றன. 'ஹி அர்ஜ்டு மீ டு கம்' சரி. டிமாண்டும் இன்சிஸ்ட் கட்சிதான், 'டிமாண்டட் மீ' என்று வராது.

அடுத்தது 'வாஸ்', 'பி' விவகாரம். காவலாளி 'இன்சிஸ்டட் தட் த டோர் வாஸ் லாக்டு' என்றால், கதவு பூட்டித்தான் இருந்தது என்று சாதித்தார். 'இன்சிஸ்டட் தட் த டோர் பி லாக்டு' என்றால், கதவைப் பூட்டியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். முதல் வாக்கியம் நடந்ததைப் பற்றியது, இரண்டாவது இனி நடக்க வேண்டியதைப் பற்றியது. திருட்டுப் போன மறுநாள் விசாரணையில் இந்த ஒரு சொல் ஒருவருடைய வேலையையே தீர்மானித்துவிடும். அமெரிக்கர்கள் இந்த 'பி'யை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள் பெரும்பாலும் 'ஷுட் பி லாக்டு' என்று போய்விடுவார்கள். சில சமயம் இரண்டு பொருளுக்கும் 'வாஸ்' என்றே சொல்லிவிடுவார்கள், அப்போது இடத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அவன்தான் பணம் கட்ட வேண்டும் என்ற பொருளில், அந்த 'பி' கணக்கிலேயே, என் மகள் நோட்டில் 'ஷி இன்சிஸ்ட்ஸ் தட் ஹி பே' என்று சரியாகத்தான் எழுதியிருந்தாள். சிவப்பு மையில் ஓர் 'எஸ்' சேர்த்து அரை மதிப்பெண் குறைத்திருந்தார்கள். பிரிட்டனில் அந்த 'எஸ்' போட்டும் சொல்வார்கள்தான், ஆனால் அவள் எழுதியது தப்பே இல்லை.

சரி, இலக்கணம் போதும். எனக்கு இந்த வினையின் அழகு புரிந்தது மான்செஸ்டரில் ஒரு சாப்பாட்டு மேசையில். வேலையாக இரண்டு வாரம் போயிருந்தேன். பில் வந்தது. எதிரே இருந்த இருவரில் ஒருவர் பர்ஸை எடுத்தார். மற்றவர் அதன்மேல் லேசாகக் கை வைத்து 'நோ நோ, ஐ இன்சிஸ்ட்' என்றார். 'வெல், இஃப் யு இன்சிஸ்ட்' என்று சொல்லி இவர் பர்ஸை உள்ளே வைத்துவிட்டார். முடிந்தது. நம் ஊரில் இந்தச் சண்டை கல்லா வரைக்கும் போகும். சட்டைப் பையில் பணத்தைத் திணிப்பதும், அதை எடுத்துத் திருப்பித் திணிப்பதும் நடக்கும், அதில் ஓர் அன்பு இருக்கிறது. அவர்களுக்கு 'ஐ இன்சிஸ்ட்' என்பதுதான் கடைசிச் சொல். ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டேன் என்ற பெயர் வராமல், உங்கள் மனதுக்காகத்தான் ஏற்றுக்கொண்டேன் என்று எதிராளி மரியாதையாக ஒதுங்க அது இடம் கொடுக்கிறது.

இது தெரியாமல் நான் ஒருவரைக் காயப்படுத்தியிருக்கிறேன். அங்கே ஒரு வயதான அம்மா மழைக்குத் தன் குடையை நீட்டி 'ஐ இன்சிஸ்ட்' என்றார். நான் நம் வழக்கப்படி நாலு முறை வேண்டாம் என்றேன். மூன்றாவது முறையே அவர் முகம் மாறிவிட்டது. எனக்கு அது உபசாரத்தின் தொடக்கம், அவர் அதற்குள் அதை முடித்துவிட்டிருந்தார். குடையை வாங்கியிருக்க வேண்டும்.

அதே சொல் சீருடை போட்டவர் வாயில் வரும்போது நிறம் மாறிவிடும். 'ஐ'ம் அஃப்ரெய்ட் ஐ மஸ்ட் இன்சிஸ்ட்' என்று விமானத்திலோ விடுதியிலோ ஒருவர் சொன்னால், குரல் பூப்போல இருக்கும், கதவு சாத்தியாகிவிட்டது. 'அஃப்ரெய்ட்' என்பதைக் கேட்டு, கொஞ்சம் பேசிப் பார்க்கலாம் போலிருக்கிறது என்று நம்மவர்கள் பேச்சை நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்து அவர் செக்யூரிட்டியைத்தான் கூப்பிடுவார்.

எரிச்சலைச் சொல்லவும் இதே சொல்தான். 'ஹி இன்சிஸ்ட்ஸ் ஆன் விஸ்லிங்' என்றால் யாரோ கட்டாயப்படுத்துகிறார் என்று பொருள் இல்லை. சீட்டியடிப்பதை விடமாட்டேன் என்கிறானே என்ற சலிப்பு அது. வேலை செய்யாத பிரிண்டரைக்கூட இப்படித் திட்டுவார்கள்.

இத்தனையும் ஒரு சொல்லுக்குள். வற்புறுத்து, வலியுறுத்து, சாதி, அடம்பிடி என்று நாம் நாலாகப் பிரித்து வைத்திருப்பதை அவர்கள் 'ஆன்', 'தட்', 'பி' என்ற சின்னச் சின்னச் சொற்களை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது இந்த நாலு தமிழ்ச் சொல்லையும் பக்கத்தில் வைத்துச் சொல்லித்தாருங்கள் என்றுதான் ஆசிரியர்களைக் கேட்கிறேன். நம்மிடம் இல்லாததையா புதிதாகக் கற்றுக்கொள்ளப் போகிறார்கள்?

அந்தக் குறிப்பை அன்றைக்கே திருத்தி அனுப்பினேன். 'இன்சிஸ்ட்ஸ்' இருந்த இடத்தில் 'கன்ஃபர்ம்டு' போட்டு, பதிவேட்டில் அண்ணன் கையெழுத்து இருந்த பக்கத்தைப் படமெடுத்துச் சேர்த்தேன். அனுப்பும் முன் அவரிடம் வாசித்துக் காட்டினேன். "அந்த வார்த்தையை மட்டும் இன்னொரு தடவை படிம்மா" என்றார்.