கறாரான சபைகள் ஏன் இளகிப்போகின்றன?

ஏதாவது ஒரு கிறிஸ்தவக் குழுவைக் காட்டி "இதெல்லாம் ஒரு சபையா?" என்று யாராவது சண்டைக்கு வந்தால் எனக்கு ஜெர்மன் இறையியலாளர் எர்ன்ஸ்ட் ட்ரோல்ச் நினைவுக்கு வருவார். 1912-இலேயே சபைகளைத் திட்டாமல் இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தவர் அவர். பிறந்ததுமே உறுப்பினராகிவிடும், அரசோடு ஒத்துப்போகும் திருச்சபை ஒரு பக்கம். மனம் மாறியவர்கள் தாங்களே வந்து சேரும், ஊரோடு ஒட்டாத சிறு குழு மறுபக்கம். சிறு குழு ஒரு தலைமுறைக்கு மேல் அப்படியே நீடிப்பது அரிது என்று 1929-இல் அமெரிக்க இறையியலாளர் ரிச்சர்ட் நீபர் எழுதினார்.

மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் கதை அதற்கு அப்படியே பொருந்தும். 1739-இல் அதன் நிறுவனர் ஜான் வெஸ்லி இங்கிலாந்தின் பிரிஸ்டல் பக்கம் வெட்டவெளியில் நின்று சுரங்கத் தொழிலாளிகளுக்குப் பிரசங்கம் செய்தார். குடிக்காதே, உழை, சேமி, மிஞ்சியதைக் கொடுத்துவிடு என்றார். கடைசி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நன்றாகவே நடந்தது! காசு சேரச் சேர பக்தி குறைகிறதே என்று வயதான காலத்தில் அவரே புலம்பினார். அடுத்த நூற்றாண்டில் அமெரிக்க மெதடிஸ்ட் ஆலயங்கள் சிலவற்றில் நல்ல இருக்கைகள் வசதியான குடும்பங்களுக்கு வாடகைக்குப் போயின. நம் கோயில்களின் சிறப்பு தரிசன டிக்கெட் மாதிரிதான். அதையும் அடிமை முறையையும் எதிர்த்தவர்கள் 1860-இல் நியூயார்க் மாநிலத்தில் 'சுதந்திர மெதடிஸ்ட்' சபையைத் தொடங்கினார்கள். 1865-இல் லண்டனின் ஏழைகளிடம் போய், பின்னாளில் இரட்சணிய சேனை ஆன இயக்கத்தைத் தொடங்கிய வில்லியம் பூத்தும் முன்னாள் மெதடிஸ்ட் போதகர்தான்.

சரி, அப்படியானால் அமெரிக்காவில் ஊரை விட்டு ஒதுங்கி வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவக் குழுவை என்ன செய்வது? 1693 வாக்கில் தனிக் குழுவாகப் பிரிந்தவர்கள் இன்றும் குதிரை வண்டியில் போகிறார்கள். நிலமும் தொழிலும் உள்ள பணக்காரர்கள் அவர்களிலும் உண்டு. ஆகவே பணம்தான் இளக வைக்கிறது என்பதை நான் முழுதாக ஏற்கவில்லை. பிரிட்டிஷ் சமூகவியலாளர் பிரையன் வில்சன் 1959-இல் சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது: எல்லாக் குழுவும் ஒரே வகை இல்லை. ஊரையே மனம் மாற்றக் கிளம்பும் குழு, வருகிறவர்களையெல்லாம் உள்ளே விட்டாக வேண்டும். விட்டால் கறார் தளரும். ஒதுங்கி வாழும் குழுவுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆமிஷ்காரர்கள் வெளியே ஆள் பிடிப்பதில்லை. அவர்கள் வளர்வது பெற்ற பிள்ளைகளால். அந்தப் பிள்ளைகளும் வளர்ந்த பிறகுதான் ஞானஸ்நானம் எடுக்கிறார்கள்.

அப்புறம், மதங்களைச் சந்தையில் போட்டி போடும் கடைகளாகப் பார்த்த அமெரிக்கச் சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க். அமெரிக்காவில் ஆளாளுக்குச் சபை மாறுவதை விளக்க அந்தப் பார்வை உதவும். ஆனால் ஞானஸ்நானம் எடுத்தபின் வெளியேறும் ஆமிஷ்காரரை அவருடைய சொந்தக் குடும்பமே விலக்கி வைக்கக்கூடும். அவரை வேறு கடைக்குப் போன வாடிக்கையாளர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.